ஒன்றாம் வகுப்புப் பிள்ளை என்ன படிக்கிறது? நோட்டைத் திறக்காமல் தெரிந்துகொள்ளும் வழி

ஜூலை பிறந்துவிட்டால் பள்ளி வாசலில் எனக்கு ஒரு கேள்வி காத்திருக்கும். "நோட்டில் ஒன்றுமே எழுதவில்லையே டீச்சர், நாள் முழுக்க என்னதான் செய்கிறார்கள்?" அம்மாக்கள் இதைத் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். அப்பத்தாக்களுக்குத் தயக்கமெல்லாம் கிடையாது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளி எங்களுடையது. நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம். ஒன்று, இரண்டு, மூன்று என்னிடம். ஒரே அறை, ஒரே பாய், மூன்று வகுப்பு. ஒன்றாம் வகுப்புப் படிப்பு முதலில் காதிலும் வாயிலும் நடக்கிறது, பிறகு விரலில், எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் நோட்டில் வந்து விழுகிறது. நோட்டைப் புரட்டிப் பிள்ளையின் படிப்பை எடை போடுகிறவருக்குப் பாதிக்கு மேல் கண்ணில் படாது. பிள்ளை எங்கே நிற்கிறது என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கவும், சமையல் வேலைக்கு நடுவிலேயே கொஞ்சம் கை கொடுக்கவும் சில வழிகளைச் சொல்கிறேன். காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை.

முதலில் சட்டகத்தைச் சொல்லிவிடுகிறேன். தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என்று நான்கு பாடங்கள். ஆண்டு மூன்று பருவங்களாகப் பிரிந்திருக்கிறது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது விட்டுப்போனதை ஈடுகட்ட 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம்தான் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளுக்கு இப்போது அடிப்படை. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள் வைத்திருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்புக்கு வருகிறவர்கள் அரும்பிலிருந்து தொடங்குவார்கள். பாட்டு, கதை, செயல்பாடு என்று நேரம் போவதால் "விளையாடிவிட்டு வருகிறான்" என்று வீட்டில் தோன்றுவது இயல்பு.

வீட்டுப்பாடம் பற்றியும் ஒரு வார்த்தை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமே 2018இல் சொல்லியாயிற்று. அதே ஆண்டு மத்திய அரசு இந்த இரண்டு வகுப்புகளுக்கும் புத்தகப் பையின் எடையை ஒன்றரைக் கிலோவுக்குள் வைக்கச் சொன்னது. ஆகவே நான் கீழே சொல்வது எதையும் வீட்டுப்பாடமாக மாற்றிவிடாதீர்கள். பிள்ளை அழுகிற இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

தமிழ்: காதில் தொடங்குங்கள்

பெரும்பாலான வீடுகளில் முதல் வேலையாக 'அ' எழுத வைக்கிறார்கள். அம்மா பின்னால் உட்கார்ந்து, பிள்ளையின் கையைப் பிடித்து, விரல் நுனி வெளுத்துப்போகும் அளவுக்கு அழுத்தி எழுத வைப்பார். எழுத்துகளிலேயே பாடாய்ப் படுத்துகிற வடிவங்களில் 'அ' ஒன்று. சுழி, வளைவு, கோடு எல்லாம் அதற்குள் இருக்கின்றன. கை பழகுவதற்கு நான் ட, ப, ம என்று போகிறேன். மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்படியே வலப்பக்கம் ஒரு கோடு இழுத்தால் 'ட'. அதே கோட்டை மேலே தூக்கிவிட்டால் 'ப'. இந்த மூன்றும் ஒரு புள்ளியும் கைவசம் இருந்தால் படம், மடம், பட்டம் மூன்றையும் படித்துவிடலாம். தெரிந்த எழுத்தைக் கொண்டு ஒரு முழுச் சொல்லைத் தானாகப் படித்தேன் என்கிற பெருமை பிள்ளைக்கு முதல் பருவத்திலேயே கிடைத்துவிட வேண்டும். வரிசையை ஒப்பிப்பதெல்லாம் பிறகு தானாக வரும்.

பென்சிலுக்கு முன்னால் விரலுக்கு வலு வேண்டும். நிலக்கடலை உரிக்கட்டும், சப்பாத்தி மாவு பிசையட்டும், கோலத்துக்குப் புள்ளி வைக்கட்டும். முறத்தில் அரிசியைப் பரப்பி ஆள்காட்டி விரலால் எழுதட்டும். பென்சிலை முஷ்டியால் பிடிக்கிற பிள்ளையிடம் ஒரு விரல் நீளமே உள்ள துண்டுப் பென்சிலைக் கொடுத்துப் பாருங்கள். முஷ்டியால் பிடிக்க அதில் இடமே இருக்காது, விரல்கள் தாமாகச் சரியான இடத்துக்கு வந்துவிடும்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் காது. சொல்லுக்குள் ஒலிகள் தனித்தனியாக இருக்கின்றன என்பதே ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புதுச் செய்தி. இரவு சாப்பிடும்போது, "ப-வில் தொடங்குகிற பொருள் இந்த அடுப்படியில் என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். பருப்பு, பல்லி என்று வரும். "பூண்டு" என்றாலும் விட்டுவிடுங்கள். ஒலி சரிதான், குறி அப்புறம். விடுகதை போடுங்கள். 'ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கிக் கீழே விழுந்தான்' என்று வேகவேகமாகச் சொல்லச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு படிக்கிற அண்ணனும் சேர்ந்து சிரித்துக்கொண்டே தடுமாறுவான். பிள்ளைக்கு ழகரப் பயிற்சி கிடைத்த மாதிரியும் இருக்கும்.

ஓர் இடத்தை மட்டும் கிட்டத்தில் காட்ட வேண்டும். 'பட்டம்' என்று சொன்னால் ஒன்றாம் வகுப்பில் பாதிப் பேர் 'படம்' என்றுதான் எழுதுவார்கள். "கவனமில்லை" என்று தலையில் குட்டுவது அநியாயம். அவர்கள் காதுக்கு அந்த ஒற்று இன்னும் எட்டவில்லை. 'படம்' என்று நீங்களே மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், நாக்கு மேலண்ணத்தை உரசிவிட்டு ஓடிவிடுகிறது. 'பட்டம்' என்று சொல்லுங்கள், அங்கே நாக்கு ஒரு கணம் ஒட்டிக்கொண்டு நின்று, பிறகுதான் விடுபடுகிறது. அந்த நிற்றலுக்குத்தான் புள்ளி வைத்த 'ட்'. நான் பிள்ளைகளை நடக்கவிட்டு இதைச் செய்வேன். 'ப' என்று ஓர் அடி, 'ட்' என்றதும் அப்படியே நிற்க வேண்டும், 'டம்' என்று அடுத்த அடி. 'படம்' சொன்னால் நிற்காமல் நடக்கலாம். படம் - பட்டம், குடை - குட்டை, மடி - மட்டி என்று மாறிமாறிச் சொல்ல, ஒருவன் நிற்க வேண்டிய இடத்தில் நடந்துவிட, எல்லோரும் கத்துவார்கள். அந்தக் கூச்சல்தான் பாடம். இதை வீட்டுத் திண்ணையிலும் ஆடலாம்.

எழுத்துகள் இருநூற்று நாற்பத்தேழு என்று கேட்டு மலைத்துப்போகிற பெற்றோர் உண்டு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. கணக்கு சரிதான், ஆனால் யாரும் 216ஐயும் தனித்தனியாக மனப்பாடம் செய்வதில்லை. அகர வரிசைப் பதினெட்டும் துணைக்குறிகளும் தெரிந்தால் போதும். துணைக்கால் எளிது. கொம்புதான் வம்பு. 'கெ' என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது 'க்'. எழுதும்போது கையில் முதலில் வர வேண்டியது கொம்பு. பிள்ளை 'க' எழுதிவிட்டு, கொம்புக்கு இடம் தேடி முன்னால் நெருக்கி நுழைக்கும். "கொம்பு முதலில் வாசலைத் திறக்கும்" என்று சொல்லிப் பழக்குகிறேன். உகரம் இன்னும் ஏமாற்றும், ஏனென்றால் அதற்கு ஒரே குறி கிடையாது. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம். சு, பு, யு, வு கீழே இறங்கும் கோட்டோடு இன்னொரு குடும்பம். து, நு, லு, று, ணு, னு மூன்றாவது. குடும்பம் குடும்பமாகச் சொல்லிக் கொடுத்தால் பிடிபடும். ஊகாரத்தில் 'கூ' இந்தக் குடும்பத்தோடு ஒட்டாமல் தனியாகத்தான் நிற்கும். அதைத் தனியாகவே பழக்குங்கள். இது முழுவதும் கைவர இரண்டாம் வகுப்பு ஆகலாம். இரண்டு சுழியா மூன்று சுழியா என்கிற சண்டையை ஒன்றாம் வகுப்பில் தொடங்கவே வேண்டாம்.

பிள்ளை உண்மையில் படிக்கிறதா, ஒப்பிக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை. பாடப் புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் "படிக்கிற" பிள்ளையிடம், படத்தைக் கையால் மறைத்துவிட்டு, வரியின் கடைசிச் சொல்லைக் காட்டுங்கள். பிறகு அதற்கு முந்தைய சொல். மனப்பாடமாக வந்த பாட்டைப் பின்னாலிருந்து ஒப்பிக்க யாராலும் முடியாது. தடுக்கினால் பதற வேண்டாம், அந்தச் சொல்லில் தெரியாத எழுத்து எது என்று மட்டும் பாருங்கள். உப்புப் பாக்கெட், பிஸ்கட் உறை, பஸ்ஸின் பெயர்ப் பலகை, ரேஷன் கடைப் பலகை எல்லாம் நல்ல பாடப் புத்தகங்கள். "இதைப் படி" என்று மட்டும் சொல்லாதீர்கள், "இதில் உனக்குத் தெரிந்த எழுத்து எது?" என்று கேளுங்கள். பஸ் நிலையத்தில் 'புதுக்கோட்டை' என்கிற பலகையில் 'ட்' கண்டுபிடித்த பிள்ளை ஊர் போய்ச் சேரும்வரை ஜன்னல் வழியாக எழுத்துப் பொறுக்கிக்கொண்டே வரும்.

கணக்கு: ஐந்து புளியங்கொட்டை போதும்

"நூறு வரை சொல்லுவான் டீச்சர்" என்பார்கள். சொல்லட்டும், நல்லதுதான். ஆனால் சொல்வது வேறு, எண்ணுவது வேறு. ஏழு புளியங்கொட்டையைத் தரையில் சிதறவிட்டு எத்தனை என்று கேளுங்கள். ஒரு கொட்டையைத் தொடும்போது ஓர் எண், அடுத்ததைத் தொடும்போது அடுத்த எண் என்று வருகிறதா? அல்லது விரல் ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமும் போகிறதா? ஏழு என்று சரியாகச் சொன்ன பிறகு, அதே கொட்டைகளைக் கொஞ்சம் அகலமாகப் பரப்பிவிட்டு மறுபடி கேளுங்கள். உடனே "ஏழுதான்" என்றால் எண் உள்ளே இறங்கிவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால் இன்னும் கொஞ்ச நாள் ஆகும், அவ்வளவுதான்.

இனி என் விருப்பமான விளையாட்டு. ஐந்து புளியங்கொட்டையை எடுத்து ஒரு பக்கத்தைச் சிமெண்டுத் தரையில் தேயுங்கள். தாயம் ஆடத் தேய்ப்பார்களே, அதே மாதிரி உள்ளிருக்கும் வெள்ளை தெரிகிறவரை. உள்ளங்கையில் குலுக்கிப் போட்டால் சில வெள்ளையாகவும் சில கறுப்பாகவும் விழும். மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு. அடுத்த முறை நான்கு, ஒன்று. பிள்ளை ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஐந்து என்பது எத்தனை விதமாக உடைகிறது என்று அதன் கைக்கே தெரிந்துவிடும். எப்போதாவது ஐந்தும் கறுப்பாக விழும். அப்போது "வெள்ளை எத்தனை?" என்று கேட்பதுதான் சுழியத்துக்கான முதல் பாடம். "வெள்ளையே இல்லை" என்று பிள்ளை சொல்ல, "இல்லை என்பதை எழுதுவது எப்படி?" என்று நீங்கள் கேட்கலாம்.

ஒரு நாள் பேரனைக் கூட்டிப்போக வந்த அப்பத்தா ஒருவர் ஜன்னலோரம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மா, பள்ளிக்கூடத்தில் தாயமா ஆடுகிறீர்கள்?"

"உள்ளே வாருங்கள் அப்பத்தா" என்று கூப்பிட்டு, இரண்டு கொட்டைகளை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு மூன்றை வெளியே வைத்தேன். "மொத்தம் ஐந்து. கைக்குள் எத்தனை?"

பேரன் என் மூடிய கையையே பார்த்தான். பிறகு விரலை மடக்காமல், "இரண்டு" என்றான். அப்பத்தா என் கையை விரித்துப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டார். மறு வாரம் ஒரு தூக்குச்சட்டி நிறையப் புளியங்கொட்டை வந்து சேர்ந்தது.

ஒளித்து வைத்ததைக் கண்டுபிடிப்பதும் கழித்தல்தான். ஐந்து பழகிய பிறகு பத்துக்குப் போங்கள். பத்தை உடைக்கத் தெரிந்த பிள்ளை பின்னாளில் எட்டும் ஐந்தும் எத்தனை என்று விரலைத் தேடாது.

இரண்டாம், மூன்றாம் பருவங்களில் பத்துக்கு மேற்பட்ட எண்கள் வரும். பதினான்கு எழுதச் சொன்னால் சில பிள்ளைகள் 104 என்று எழுதும். பார்த்ததும் பலருக்குச் சிரிப்பு வரும், சிலருக்குக் கோபம். இரண்டுமே வேண்டாம், ஏனென்றால் பிள்ளை சரியாகத்தான் யோசித்திருக்கிறது. பத்து காதில் விழுந்தது, 10 எழுதியது. நான்கு விழுந்தது, 4 எழுதியது. இடமதிப்பு என்ற ஒன்று அதற்கு இன்னும் அறிமுகமாகவில்லை. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். இடது பக்கம் கட்டு, வலது பக்கம் தனிக்குச்சி. பதினான்கு என்றால் ஒரு கட்டும் நான்கு தனிக்குச்சியும். எத்தனை கட்டு? 1. எத்தனை தனி? 4. கையால் இப்படி அடுக்கிய பிறகு 104 தானாகக் காணாமற்போகும். தமிழில் பத்தை முதலில் சொல்லி மீதியைப் பிறகு சொல்வதால், சொல்லும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒன்றாகவே இருக்கின்றன. ஆங்கிலத்தில் 'ஃபோர்டீன்' என்று நான்கு முன்னால் வந்து நின்று குழப்பும். அதனால் எண்களைத் தமிழில் உறுதிப்படுத்திவிட்டு ஆங்கிலத்துக்குப் போவது நல்லது என்பது என் கட்சி. ஆங்கிலவழிப் பெற்றோர் சிலர் இதற்கு முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

வடிவம், அளவு, பணம், முன் - பின் எல்லாம் வீட்டில் கொட்டிக் கிடக்கின்றன. கதவு எத்தனை ஜாண் என்று பிள்ளை அளக்கட்டும், பிறகு நீங்கள் அளங்கள். இரண்டு விடையும் ஏன் வேறு என்று அதுவே கேட்கும். பத்து ரூபாயைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பி மீதியை எண்ணி வாங்கி வரச் சொல்லுங்கள். கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் அவரே பாதி ஆசிரியர் ஆகிவிடுவார். கிழமைகளுக்கு நான் சிரமப்படுவதே இல்லை. காலை உணவுத் திட்டத்தில் எந்தக் கிழமை என்ன போடுகிறார்கள் என்பது பிள்ளைகளுக்கு அத்துப்படி.

ஆங்கிலம்

அதிகம் சொல்ல இல்லை. ஒன்றாம் வகுப்பில் கேட்டுப் புரிந்துகொள்வதும், பாட்டும், எழுத்துகளின் வடிவமும் ஒலியும்தான். எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 'சி, ஏ, டி' (c, a, t) என்று பெயர்களைக் கூட்டினால் பூனை வராது. 'க், ஆ, ட்' என்று ஒலிகளைக் கூட்டினால் 'கேட்'டுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். சிறிய எழுத்தில் 'பி'யும் (b) 'டி'யும் (d) ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். இரண்டையும் ஒரே வாரத்தில் சொல்லிக் கொடுக்காதீர்கள். பிள்ளை மாற்றி எழுதினால் இந்த வயதில் அது சகஜம். வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாதே என்கிற தாழ்வு மனம் வேண்டாம். "இன்று பள்ளியில் படித்த ஆங்கிலச் சொல் ஒன்றை எனக்குச் சொல்லிக் கொடு" என்று பிள்ளையிடம் நீங்கள் மாணவராக உட்காருங்கள். அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.

சூழ்நிலையியல்: வாசலுக்கு வெளியே

என் உடல், என் குடும்பம், செடி, விலங்கு, உணவு, தண்ணீர் என்று போகிற பாடம் இது. எழுத வைத்துக் கெடுப்பதற்கு மிகவும் வசதியான பாடமும் இதுதான். 'வேப்பிலை கசக்கும்' என்று மூன்று முறை எழுதுவதால் என்ன கிடைக்கும்? ஓர் இலையை மென்று துப்பினால் முடிந்தது. நான் ஐந்து இலைகளைத் துணிப்பைக்குள் போட்டுவிட்டு, கையை மட்டும் விட்டுச் சொல்லச் சொல்வேன். வேம்பின் ஓரத்தில் ரம்பப் பல், முருங்கையில் பொடிப் பொடியாகச் சிற்றிலை, ஆலிலை தடிப்பு, துளசியைக் கசக்கினால் மூக்கு சொல்லிவிடும், புளிய இலையை யாராவது கட்டாயம் வாயில் போட்டுவிடுவார்கள். தொடுதல், முகர்தல், சுவைத்தல் என்று புலன் பாடம் பைக்குள்ளேயே முடிந்துவிடும்.

இந்தப் பாடத்தில் விளையாட்டாக விடக் கூடாத ஒரு பகுதி இருக்கிறது. பிள்ளைக்குத் தன் முழுப் பெயர், அம்மா அப்பாவின் பெயர், ஊர்ப் பெயர், வீட்டில் ஒருவருடைய அலைபேசி எண் இவ்வளவும் தெரிந்திருக்க வேண்டும். "அப்பா பெயர் என்ன?" என்றால் "அப்பா" என்கிற பிள்ளைகள் ஆண்டுதோறும் வருகிறார்கள். பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல் என்ன என்று பள்ளியில் சொல்லித் தருகிறோம். வீட்டில் குளிப்பாட்டும்போது இயல்பாக அதைத் திரும்பச் சொல்லுங்கள். யாராக இருந்தாலும், உறவுக்காரராகவே இருந்தாலும், பிடிக்கவில்லை என்றால் "வேண்டாம்" என்று கத்தலாம், ஓடி வந்து சொல்லலாம் என்று அதற்குத் தெரிய வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 என்பது பெரியவர்களுக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

டீச்சரிடம் எப்படிக் கேட்பது?

"நன்றாகப் படிக்கிறானா?" என்று கேட்டால் "படிக்கிறான்" என்றுதான் நானும் சொல்வேன். அதில் உங்களுக்கும் பயனில்லை, எனக்கும் இல்லை. "எந்த எழுத்தில் தடுக்குகிறான்? பத்துக்குள் கழித்தல் வருகிறதா? பேசச் சொன்னால் எழுந்து பேசுகிறானா?" என்று கேளுங்கள். பொங்கல் விடுமுறை முடிந்தும் இரண்டு மூன்று எழுத்துச் சொற்களைக் கூட்டிப் படிக்கத் தடுமாறினால், பத்துக்குள் எண்ணுவது தவறினால், தனியாக வந்து பேசுங்கள். வாசலில் நாலு பேர் முன்னால் வேண்டாம்; பிள்ளையும் கேட்டுக்கொண்டு நிற்கும்.

மந்தம் என்று முடிவு கட்டுவதற்கு முன் கண்ணையும் காதையும் பாருங்கள். கரும்பலகைக்கு அருகே நகர்ந்து நகர்ந்து வருவது, தலையைச் சாய்த்துப் பார்ப்பது, புத்தகத்தை மூக்குக்கு அருகே பிடிப்பது, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாதது, அடிக்கடி காதில் சீழ் வடிவது இவையெல்லாம் படிப்பைப் பிடித்து இழுக்கும். காரணம் தெரியாமல் நாம் பிள்ளையைத்தான் திட்டிக்கொண்டிருப்போம். தேசியச் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு பள்ளிக்கே வந்து பார்க்கிறது. குறை தெரிந்தால் மேல் சிகிச்சைக்கு அனுப்பி வைக்கிறது. குழு வருகிற நாளை முன்பே சொல்லி அனுப்புவோம். அன்றைக்குப் பார்த்துக் காதுகுத்து, கிடாவெட்டு என்று பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.